சோப்பு வைத்து அடைத்த தொட்டி

நம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மில் எரிந்தது, குடோன் எரிந்தது என்று ஏதாவது தீ விபத்துக் கதையை எடுத்து விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதில் புகை இருக்கிறது, மணி அடித்துக்கொண்டு வரும் வண்டி இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கும். நான் சொல்லப் போவது சாக்கடைக் கதை. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேளுங்கள் கண்ணுகளா.

நெருப்பு எப்போது பிடித்தது என்று ஊருக்கே தெரியும். தண்ணீர் எப்போது ஒழுக ஆரம்பித்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நம் தொழிலில் தண்ணீரை வைத்து வருகிற சண்டை எதுவானாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். திடீரென்று உடைந்ததா, நாள்பட அரித்ததா? உடைந்தது என்றால் கம்பெனி கொடுக்கும். அரித்தது என்றால் கையை விரிக்கும். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன் வண்டிகளுக்கு இப்போது கிளெய்ம் வருகிறது, குழாயும் கழிவுத் தொட்டியும் உடைந்தால் எப்படி முடிவு பண்ணுவது என்று உங்களில் ஒரு பெண் டீ நேரத்தில் கேட்டாள். அப்படி ஒரு வண்டியை நான் எண்பதுகளிலேயே பார்த்துவிட்டேன், ஏற்காட்டில்.

அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அவர்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. சேலத்தில் பாடி கட்டுகிறவரிடம் கொடுத்து அதைச் சின்ன ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். கூரை மேல் நல்ல தண்ணீர் தொட்டி, உள்ளே கை கழுவ ஒரு பேசின், பரிசோதிக்க ஒடுக்கமான ஒரு கட்டில். பின்பக்கம் கதவு வைத்த கக்கூஸ். அதற்கு அடியில், வண்டியின் வயிற்றோடு சேர்த்துப் பட்டை போட்டுத் தொங்கவிட்ட இரும்புக் கழிவுத் தொட்டி. ரோசம்மா என்று ஒரு நர்ஸ் அதில் கிளியூர், செம்மநத்தம் என்று மலைக் கிராமங்களுக்குப் போய் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பார். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் சேலம் கிளைக்கு டிரங்க்கால் வந்தது. கழிவுத் தொட்டி கழன்று விழுந்துவிட்டது, குழாய் பிய்ந்துவிட்டது, தரைப் பலகையும் போய்விட்டது என்றார்கள். கிளையில் கிளெய்ம் பார்த்த முதல் பெண் நான். அதற்கு முன்னால் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கக்கூஸ் கிளெய்ம் என்று தெரிந்ததும் ஆண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேனேஜர் பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டு, "வசந்தா, இது உனக்குத்தான் பொருத்தம்" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இதை எப்படி முடிக்கிறேன் பாருங்கள் என்று அன்றைக்கே மனதில் கறுவிக்கொண்டேன். அந்தக் கறுவல்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் வினை.

சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயரோடு நானும் மலை ஏறினேன். அவர் நேர்மையானவர், நிதானமானவர். யாரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தேன். அவர் ஒன்றுமே நடக்காததுபோல் பாலிசியைப் படித்துக்கொண்டு வந்தார். அந்த வயிறு எனக்கு எப்போதும் வாய்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு காலி இடத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் வேன் நின்றது. கழன்ற தொட்டி பக்கத்தில் கிடந்தது. ரோசம்மா சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். நாற்பதைத் தாண்டிய, பருமனான, மெதுவாகப் பேசுகிற அம்மா. டிரைவர் பெருமாள் தள்ளி நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

"எப்படி ஆச்சு?" என்று சர்வேயர் கேட்டார்.

சிஸ்டர் வெட்கத்தோடு சிரித்தார். "ஒண்டிக்கடை முக்குலதானுங்க உழுந்துது. கடைக எல்லாம் தொறந்திருக்கிற நேரமுங்க. டமால்னு ஒரு சத்தம். எறங்கிப் பாத்தா ரோடெல்லாம்... என்னத்தச் சொல்றதுங்க. பழக்கடைக்காரரு மூக்கப் பொத்திக்கிட்டு, ஏனுங்க சிஸ்டர், ஊரையே சுத்தம் பண்றேன்னுட்டு இப்படிப் பண்ணிப் போட்டீங்களேன்னாரு. அப்பறம் அவரேதானுங்க தண்ணி ஊத்திக் கழுவி உட்டாரு."

சர்வேயருக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து, டார்ச் அடித்துத் தொட்டியின் அடியைப் பார்த்தார். ஒரு கீறல். அதன் மேல் சிவப்பாக என்னவோ அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கிள்ளி முகர்ந்தார்.

"இது என்னப்பா, சோப்பா?"

"ஆமாங்க" என்றார் பெருமாள்.

"பழைய ஒழுகல். சோப்பு வச்சு அடைச்சே ஓட்டிட்டு இருந்திருக்கீங்க. துருப்பிடிச்சு அரிச்சது. இதுக்குப் பாலிசி கிடையாதும்மா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

பெருமாள் பெரிய மனிதர்களிடம் குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர். சிஸ்டர்தான், "சொல்லு பெருமாளு, கல்லுல அடிச்சதச் சொல்லு" என்று இரண்டு மூன்று முறை சொல்லி அவரைப் பேச வைத்தார்.

நடந்தது இதுதான். செம்மநத்தம் போகிற ரோடு ஒடுக்கம். மலையில் பாரம் ஏற்றின லாரி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் குதித்து ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். வண்டி கிளம்பினதும் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். போடாமல் தாவி ஏறிக்கொள்கிறவர்கள் உண்டு. மலை ரோட்டில் டிரைவர்கள் விடுகிற சாபத்தில் பாதி அவர்களுக்குத்தான். அப்படி எவனோ விட்டுப் போன கல் ஒரு வளைவில் கிடந்தது. சக்கரத்துக்கு நடுவில் விட்டுத் தாண்டிவிடலாம் என்று பெருமாள் நினைத்தார். வேறு வண்டியாக இருந்தால் தாண்டியிருக்கும். இதற்குத்தான் அடியில் தொட்டி தொங்குகிறதே. அடிபட்டுக் கீறல் விழுந்தது.

"எறங்கிப் பாத்தனுங்க. சொட்டிச்சு. செம்மநத்தத்துல பொம்பளைங்க எல்லாம் காலையிலிருந்து வந்து காத்துக்கிட்டு இருப்பாங்கங்க. திரும்பிப் போகோணும்னா சிஸ்டருக்கு மனசு வராது. சரின்னு சோப்ப வெச்சு அப்பிப் போட்டனுங்க" என்றார்.

பெருமாள் முன்பு மர லாரி ஓட்டினவர். லாரிக்காரர்கள் டீசல் டேங்கில் கீறல் விழுந்தால் சோப்பை ஈரக்கையால் பிசைந்து அப்பிவிடுவார்கள். டீசல் சோப்பைக் கரைக்காது. சேலம் வரைக்கும் தாராளமாகத் தாங்கும். அந்தக் கைப்பழக்கத்தில் சிஸ்டர் கை கழுவ வைத்திருந்த சிவப்பு சோப்பை எடுத்துத் தண்ணீர் நிற்கிற கழிவுத் தொட்டிக்கு அப்பியிருக்கிறார். அதற்கப்புறம் அடுத்தடுத்த நாள் வேறு கிராமங்களுக்கும் அந்தத் தொட்டியோடேயே போயிருக்கிறார்கள். கல்லடியில் தளர்ந்த பட்டை ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் இறங்கி, குழாயை இழுத்து, தரையை ஊறவைத்து, கடைசியில் ஒண்டிக்கடையில் எல்லாம் கையோடு வந்துவிட்டது.

சர்வேயர் நம்பவில்லை. கல் கதை எல்லா டிரைவரும் சொல்வதுதானே என்று முணுமுணுத்தார். எனக்கு அந்த இடத்தில் ஒன்று பொறி தட்டியது.

"சார், சோப்பு டீசல்ல நிக்கும். தண்ணியில நிக்குமா?"

"என்ன சொல்றம்மா?"

"நான் தினம் துணி துவைக்கிறவ சார். சோப்பைத் தண்ணியில விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மாசக் கணக்குல ஒழுகியிருந்தா இந்தச் சோப்பு இன்னும் இருக்குமா? இப்பத்தான் வச்சிருக்காங்க. அப்ப கீறலும் இப்ப விழுந்ததுதானே?"

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். ஓரங்கள் கரைந்து, நடுவில் கொஞ்சம் மட்டும் மிச்சமிருந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் லேசாகச் சிரிப்பு. "சரிம்மா. ஒத்துக்கறேன். கல்லுதான்." எனக்குத் தலைகால் புரியவில்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நிமிஷமே சர்வேயர் தொடர்ந்தார். "ஆனா சோப்பு வச்சவன் கீறலைப் பார்த்தவன்தானே? பார்த்துட்டும் ரிப்பேர் பண்ணாம ஓட்டியிருக்கான். அதுக்கப்புறம் கூடின சேதம் வண்டிக்காரங்க பொறுப்புன்னு பாலிசியில தெளிவா இருக்கு. தொட்டிக்கு மட்டும் எழுதறேன். குழாயும் தரையும் வராது." என் சோப்பைக் கொண்டே எனக்குத் தலைமுழுக்குப் போட்டுவிட்டார். தப்பு சொல்ல முடியாது. அந்த விதி இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "கிளெய்ம் முடியற வரைக்கும் வண்டியில யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாம் இப்படியேதான் இருக்கணும்." நாங்கள் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டு வருகிற வார்த்தை இது, வணக்கம் மாதிரி. சிஸ்டர் பவ்யமாகத் தலையை ஆட்டினார். "யாரும் தொட மாட்டாங்கங்க. நான் பாத்துக்கறனுங்க" என்றார். ஆமாம் சிஸ்டர், கை வைத்துவிடாதீர்கள் என்று நானும் ஒத்து ஊதிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

ஜீப் வரைக்கும் வந்தவரிடம், வேனில் எதற்கு கக்கூஸ், மருந்துப் பெட்டி போதாதா என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

"அதுக்காகத்தானுங்க பொம்பளைங்க வர்றதே. மருந்துக்கு வர்றாங்கன்னா நெனைக்கிறீங்க? ஒண்ணுக்குப் பரிசோதன பண்ணோணும்னா, கதவச் சாத்திக்க ஒரு எடம் வேணுமில்லீங்களா. மாமியா, கொழுந்தன், மாடு கண்ணுன்னு அத்தன பேரு நிக்கிற எடத்துல எங்க போவாங்க? இந்தக் கதவு இருக்கவும்தானுங்க வர்றாங்க. வந்தா அந்தப் பேசின்ல கையக் கழுவிட்டு, கண்ணாடியப் பாத்துட்டு, சித்த நேரம் உக்காந்து பேசிட்டுப் போவாங்க. நொம்ப சந்தோசமா இருக்குங்க" என்றார்.

நான் கேட்டுக்கொண்டேன். கேட்டேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வண்டி ஓடாவிட்டால் என்ன போகும் என்று அந்த அம்மா இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

சர்வேயர் அறிக்கை வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "டேங்குக்கு மட்டும் குடுத்து முடிச்சுரு வசந்தா. கையெழுத்துப் போட்டு அனுப்பினா அடுத்த வாரம் செக் போயிரும்."

"குழாயும் தரையும் அதே கல்லால வந்ததுதானே சார்? டிரைவர் சும்மா ஓட்டலை. தனக்குத் தெரிஞ்ச மாதிரி அடைச்சுப் பார்த்துட்டுத்தான் ஓட்டியிருக்கார்."

"அதுக்கு டிவிஷன் ஆபீசுக்குப் போகணும். அவங்க ரீஜனல் ஆபீசுக்கு அனுப்புவாங்க. எத்தனை நாளாகும்னு யாருக்குத் தெரியும்?"

"நியாயம் நம்ம பக்கம் இருக்கு சார்."

"நியாயம் இருக்குது. வண்டி ஓட வேண்டாமா?" என்றார் அவர்.

அவர் சோம்பேறி, தொல்லை வேண்டாம் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பொருத்தமான ஆள் என்று சிரித்தவர்தானே, இந்தக் கிளெய்மை முழுசாக வாங்கிக் காட்டினால் இனி வாயைத் திறக்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன். சிஸ்டருக்கு டிரங்க்கால் போட்டேன். பாதிதான் கொடுப்போம் என்கிறார்கள், நான் போராடி முழுசாக வாங்கித் தருகிறேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே "நீங்க எங்க நல்லதுக்குத்தானுங்க சொல்லுவீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது வரைக்கும் வண்டி அப்படியே நிக்கோணுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சிஸ்டர். கொஞ்ச நாள்தான்" என்றேன்.

அதற்கப்புறம் நான் நடத்திய சண்டையை விவரமாகச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். டிவிஷனில் கேள்வி கேட்டார்கள், பதில் எழுதினேன். ரீஜனில் வேறு கேள்வி கேட்டார்கள், அதற்கும் எழுதினேன். அந்த விதியில் இரண்டு வரி உண்டு. விபத்து ஆன வண்டியை மேலும் சேதம் ஆகாதபடி தகுந்த பாதுகாப்புச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது என்பது முதல் வரி. ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால் கூடுகிற சேதம் வண்டிக்காரர் பொறுப்பு என்பது இரண்டாம் வரி. சர்வேயர் இரண்டாம் வரியைப் பிடித்துக்கொண்டார். நான் முதல் வரியைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு வைத்ததே பாதுகாப்புத்தான், டிரைவர் தனக்குத் தெரிந்த பாதுகாப்பைச் செய்திருக்கிறார் என்று வாதாடினேன். அந்த வரியை எத்தனை முறை டைப் அடித்தேன் என்று கணக்கே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நடுநடுவே சிஸ்டர் போன் செய்வார். அவசரப்படுத்த மாட்டார். "உங்களுக்கு நொம்பச் சிரமம் குடுக்கறமுங்க" என்பார். வேலையெல்லாம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், பஸ் போகிற வரைக்கும் பஸ்ஸில் போய் மிச்சத்துக்கு நடக்கிறேன் என்பார். வைக்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். "வண்டி அப்படியே இருக்குதுங்க. யாரும் தொடலீங்க." எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. சாட்சி பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதற்குள் மலையில் ஒரு ஐப்பசி, கார்த்திகை போய், கோடை மழையும் போய், அடுத்த ஐப்பசியும் வந்துவிட்டது. சேலத்தில் மழை பெய்தால் துணி காயவில்லையே என்று நினைத்தேனே தவிர, மலையில் அந்த மரத்தடி ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. சர்வேயர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அறிக்கை கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. போதும், இனி வண்டியைத் தொடலாம் என்று சொல்ல வேண்டியது யாருடைய வேலை? அது எவர் வேலையிலும் இல்லை.

கடைசியில் நான் ஜெயித்தேன். முழுசாகக் கொடுக்கலாம் என்று ரீஜனிலிருந்து உத்தரவு வந்தது. மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். ஆபீசில் எல்லாருக்கும் காபி, மிக்சர். அன்றைக்கு யாரும் கக்கூஸைப் பற்றிப் பேசவில்லை. செக்கைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு போனேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சிஸ்டர் இளைத்திருந்தார். முட்டியில் ஒரு துணி கட்டியிருந்தார். செக்கை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றார். வாங்க, வண்டியைப் பார்க்கலாம் என்று நானாகவே பின்பக்கம் நடந்தேன்.

வேன் அதே மரத்தடியில், அதே கோணத்தில் நின்றது. நாங்கள் அன்றைக்குத் திறந்து பார்த்துவிட்டு விட்ட பின்கதவு இன்னும் திறந்தே கிடந்தது. டயர்கள் மண்ணில் இறங்கியிருந்தன. தரைப் பலகை முழுவதும் ஊறி, உளுத்து, கீழே கொட்டிவிட்டது. பரிசோதிக்கிற கட்டில் அந்த ஓட்டையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பக்கவாட்டுத் தகடுகளில் கையால் தள்ளினால் உள்ளே போகிற அளவுக்குத் துரு. பேசினில் தண்ணீரும் இலையும் நிறைந்து தவளை முட்டை மிதந்தது. நான் குனிந்து தொட்டியைப் பார்த்தேன். கீறல் இருந்தது. சோப்பு இல்லை. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கை வைக்காமல் விட்டோமோ அது முதல் மழையிலேயே கரைந்து போயிருக்க வேண்டும்.

பெருமாள் வந்து நின்றார். "சேலத்திலிருந்து மெக்கானிக் ஒருத்தரு போன மாசம் இந்தப் பக்கம் வந்தாருங்க. தொடாம நின்னே பாத்தாரு. இனி இது ஓடாதுன்னு சொல்லிட்டாருங்க" என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லுகிற தொனியே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செக்கில் எழுதியிருந்தது ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு தரை. அவற்றை மாட்ட வண்டி இல்லை.

ஆஸ்பத்திரிச் சுவரோரம் என்னவோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. என்ன அது என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான்.

"பலகைங்க" என்றார் சிஸ்டர். "தரைக்குன்னு எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரு ஒருத்தரு சும்மாவே குடுத்தாருங்க. வண்டி உழுந்த வாரமே வந்திருச்சு. பெருமாளு நானே அடிச்சுப் போடறேன்னுச்சு. கொழாய்க்கும் நம்ம சர்ச்சுல ஒரு ஆளு இருக்காருங்க. டேங்கு ஒண்ணுதான் எங்களால ஆகாது. அது மட்டும் வந்தாப் போதும்னு இருந்தமுங்க."

"இதை ஏன் சிஸ்டர் அன்னைக்கே என்கிட்ட சொல்லலை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க கேக்கலீங்களே. முழுசா வாங்கோணும்னு அத்தன பாடு படறீங்க. டேங்கு மட்டும் போதும்னா உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு இருந்துட்டனுங்க."

அந்தப் பாயை வண்டிக்கென்றுதான் வாங்கினார்களாம். முதல் மழை வருவதற்கு முன்னால் மூடப் போனார்களாம். பாயைப் போட்டுக் கயிறு கட்டினால் கை வைத்ததாக ஆகிவிடுமோ, அதனால் நான் போராடுவது கெட்டுப்போகுமோ என்று பயந்து, பலகையைப் போர்த்திவிட்டார்கள். பெருமாள் பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். பலகைகள் அப்போதுதான் அறுத்தது போலக் காய்ந்து கிடந்தன. தகுந்த பாதுகாப்புச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது என்று ஒரு வருஷத்துக்கு மேலாக நான் டைப் அடித்த வரி அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருமாளுக்காக அத்தனை பேரிடம் வாதாடின வரி, இந்த மரத்தடிக்கும் சேர்த்துத்தான் எழுதியிருந்தது.

செம்மநத்தத்துக்காரர்கள் இப்போதும் வருகிறார்களா என்று கேட்டேன். கேட்காமல் போயிருக்கலாம். நடந்து போய்ப் பார்க்கிறேன், பேசுகிறார்கள், மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள், பரிசோதனை என்றால் நழுவிவிடுகிறார்கள் என்றார். கால் வீங்கியிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். முதல் பிள்ளைக்கு மாதம் தவறாமல் வேனுக்கு வந்தவள், இரண்டாவதற்குப் பரிசோதனைக்கு வரவேயில்லை. குழந்தை தங்கவில்லை, தாய் பிழைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "வேன் இருந்திருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுங்க. நீங்க அத மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு எங்கே வைப்பது?

அந்த மேனேஜர் இப்போது உயிரோடு இல்லை. வண்டி ஓட வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு நான் கடைசிவரை அவரிடம் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கிளெய்ம்களை முழுசாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பாதியோடு முடித்தும் இருக்கிறேன். எது வந்தாலும் முதலில் இதில் உங்களுக்கு எது வந்தால் போதும் என்று கேட்டுவிடுவேன். சில பேர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், இந்த அம்மா ஏதோ குறைக்கப் பார்க்கிறாள் என்று. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். நீங்களும் கேளுங்கள் சாமிகளா. விதியை நன்றாகப் படியுங்கள், சண்டை போட வேண்டிய இடத்தில் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தடியில் என்ன நிற்கிறது என்று நடுவில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, மழை வரும் போலிருந்தது. நான் கிளம்பத் திரும்பினேன். ரோசம்மா சிஸ்டர் பின்னாலேயே இரண்டடி வந்து, தயங்கி நின்று கேட்டார்.

"ஏனுங்க, இனிமேலு அதுல கை வைக்கலாமுங்களா?"

நான் வைக்கலாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சுவரோரம் போய்ப் பலகை மேலிருந்த தார்ப்பாயை இழுத்தார். பெருமாள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனை தரையில் இழுபட்டது, அதை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று பேருமாக அதை வேன் மேல் போட்டு மூடினோம்.